நீலம் பாரித்த இரண்டாம் கியர்

2002-ஆம் ஆண்டு ஹோண்டா ஒடிசி வேனின் எஞ்சினைப் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு. காலை வாரியது அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். 2004 ஏப்ரலில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் வண்டிகளைப் பழுது பார்த்துத் தரத் திரும்ப அழைத்தது. ஒடிசியோடு பைலட், அக்கார்ட் வி6, ஹோண்டாவின் சொகுசு பிராண்டான அக்யூராவின் டிஎல் என்று பல மாடல்கள் அதில் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார்: இரண்டாம் கியர் அளவுக்கு மீறிச் சூடாகி, பல் உடையலாம்.

ஹோண்டாவின் அந்தக் கால கியர்பாக்ஸ் மற்ற நிறுவனங்களின் ஆட்டோமேட்டிக்கிலிருந்து வேறுபட்டது. இணையாகப் படுத்திருக்கும் ஷாஃப்ட்டுகளில் கியர் சக்கரங்கள் எப்போதும் பல்லோடு பல் கடித்தபடி சுழலும். எந்த ஜோடி வழியாகச் சக்கரத்துக்கு விசை போக வேண்டும் என்பதை கிளட்ச் பிளேட்டுகள் தீர்மானிக்கின்றன. அந்தப் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். பற்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைப்பதும், அங்கே பிறக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு, ஆயிலைக் குளிர வைக்கும் கூலருக்குப் போவதும் அதே ஆயில்தான். ஓட்டும் சூழல் சில வகையாக அமைந்தபோது, இரண்டாம் கியரில் சேர்ந்த சூட்டை வெளியேற்ற அங்கே போய்ச் சேர்ந்த ஆயில் போதவில்லை.

சூடானால் எஃகுக்கு என்ன ஆகும் என்பது கொல்லர் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தீட்டிய உளியைச் சூடேற்றினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். மேற்பரப்பில் படரும் ஆக்ஸைடு படலத்தின் தடிமன் கூடக் கூட ஒளி வேறு வேறு நிறமாகத் தெரிகிறது. மஞ்சள் வரும்போது சுமார் 220 டிகிரி செல்சியஸ், நீலம் வரும்போது 300-ஐ ஒட்டி இருக்கும். கியர் பல்லின் வெளித்தோலைப் பொதுவாகக் கடினமாக்கி, 150 முதல் 200 டிகிரிக்குள் பதப்படுத்துவார்கள். அதைத் தாண்டிச் சூடானால் பதம் இறங்கி, தோல் மென்மையாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்கும் பல்லின் விளிம்பு பிறகு பெயரும்.

பெயர்ந்த துண்டு இரண்டு சக்கரங்களுக்கு நடுவே சிக்கினால் கியர்பாக்ஸ் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். நெடுஞ்சாலை வேகத்தில் முன்சக்கரங்கள் திடீரென்று நின்றால் வண்டி ஓட்டுநரின் கட்டுக்குள் இருக்காது. இதைப் பாதுகாப்புக் குறை என்று வகைப்படுத்தியது இதனால்தான்.

தீர்வும் எஃகின் நிறத்தை நம்பியே இருந்தது. 15,000 மைலுக்குள் ஓடிய வண்டிகளில் கூலரிலிருந்து திரும்பும் ஆயிலை இரண்டாம் கியர் மீது பீய்ச்சும்படி வழியை மாற்றினார்கள். அதற்கு மேல் ஓடியவற்றில் கியரின் நிறத்தைப் பார்த்தார்கள். நிறம் மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். மாறாவிட்டால் ஆயில் வழியை மட்டும் மாற்றினார்கள். புத்திசாலித்தனமான சோதனைதான். ஆனால் நிறம் சூட்டை மட்டுமே காட்டும். பல்லின் அடியில் தொடங்கியிருக்கக்கூடிய மெல்லிய விரிசலைக் காட்டாது. அந்த இடத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

மாற்றிய கியர்பாக்ஸும் சில வண்டிகளில் மறுபடி பழுதாகும். ஏன்? கிளட்ச் பிளேட் தேயும்போது உதிரும் தூள் ஆயிலோடு சுற்றி, பில்ட்டரையும் வால்வுகளின் நுண்ணிய வழிகளையும் அடைக்கும். அழுத்தம் குறைந்தால் பிளேட் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு, இன்னும் தூள். பழைய கூலரையும் குழாய்களையும் கழுவாமல் புது கியர்பாக்ஸை மாட்டினால், முந்தையதைக் கொன்ற தூள் முதல் நாளே புதியதற்குள் போய்விடும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர் "கியர்பாக்ஸ் மாற்றியாச்சு" என்ற வார்த்தையோடு நின்றுவிடாமல், கூலரை என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

இதே 2002 ஒடிசியின் ஸ்டீயரிங்குக்குள் இன்னும் கொடிய ஒன்று இருக்கலாம். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் பையை ஊத வைக்கும் வாயுவுக்காக அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். ஈரத்தை உறிஞ்சும் அந்த உப்பை வில்லைகளாக்கி, உலர்த்தும் பொருள் எதுவும் சேர்க்காமல் உலோகக் குப்பிக்குள் அடைத்தார்கள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறி வர, உள்ளே புகுந்த ஈரத்தோடு சேர்ந்து வில்லைகளில் நுண்துளைகள் விழுந்தன. துளை விழுந்த வில்லைக்குப் பரப்பு அதிகம். பரப்பு அதிகமானால் எரியும் வேகமும் அதிகம். குப்பி தாங்காமல் வெடித்து, உலோகச் சில்லுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புளோரிடா போன்ற வெக்கையும் ஈரமும் நிறைந்த இடங்களில் ஆபத்து அதிகம். 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா வண்டிகளில் இருந்த 'ஆல்ஃபா' வகைக் குப்பிகள், விபத்தில் வெடித்துச் சிதற 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு என்று 2016-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் எச்சரித்தது. இந்தியாவிலும் சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்ட் கார்களில் டகாட்டா குப்பிகளை மாற்ற ஹோண்டா அழைப்பு விடுத்தது.

கியர்பாக்ஸாவது இழுவை, அதிர்வு, கருகிய ஆயில் வாடை என்று முன்கூட்டியே ஏதாவது சொல்லும். ஏர்பேக் எதையும் சொல்லாது. அமெரிக்காவில் பழைய கார் விற்பவர், திரும்ப அழைக்கப்பட்டும் சரிசெய்யாத வண்டியை விற்பதைத் தடுக்க மத்தியச் சட்டம் இல்லை. ஆகவே 17 எழுத்து-எண் கொண்ட VIN என்ற வண்டி அடையாள எண்ணை (நம்பர் பிளேட்டில் இருப்பதை அல்ல) நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் வாங்குபவரே தட்டிப் பார்க்க வேண்டும். ஆல்ஃபா குப்பி இன்னும் இருப்பதாகத் தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போகக் கூடாது. 2023-இல் ஹோண்டாவே 'ஓட்டாதீர்கள்' என்று அறிவித்து, வண்டியை இலவசமாக இழுத்துச் சென்று மாற்றித் தருவதாகச் சொன்னது.