பனிக்காலணிக்குக் கீழே: ரப்பரா, கம்பளமா?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அடியில், 1,000 அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்குவதற்கு அந்த உப்பைத்தான் கொட்டுகிறார்கள். பக்கத்து ஊரான டியர்பானில் ஃபோர்டு எஃப்-150 பிக்அப் டிரக்குகள் தயாராகின்றன. அந்த வண்டிக்குள் ரப்பர் தரை போடலாமா, கம்பளம் போடலாமா என்று கேட்டால், நான் முதலில் அந்த உப்பைத்தான் பார்ப்பேன்.

ஜனவரி காலையில் வண்டி ஏறுகிறவர், பூட்ஸின் குதிகால் பள்ளத்தில் அடைந்த பனியையும் சேர்த்தே ஏற்றிக்கொள்கிறார். ஹீட்டர் சூட்டில் அது கரைந்து கறுப்புத் தண்ணீராகிறது. அதில் உப்பு இருக்கிறது. கம்பளத்தின் இழைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தண்ணீர் கம்பளத்தைத் தாண்டி, அடியிலுள்ள பஞ்சு மெத்தை வரை போய்விடுகிறது. மாலையில் தடவிப் பார்த்தால் மேற்பரப்பு காய்ந்திருக்கும், வெள்ளை வரியாக உப்பும் பூத்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் ஈரம் கசியும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பார்கள். இங்கே உப்பே தண்ணீர் குடிக்கிறது. கடுங்குளிரில் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது என்பதால் பல இடங்களில் கால்சியம் குளோரைடையும் தெளிக்கிறார்கள். ஈரப்பதம் பாதிகூட இல்லாத காற்றிலிருந்தும் அது நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். அது ஊறிய மெத்தை எளிதில் உலராது. தரைத் தகட்டில் பெயிண்ட் உரிந்த இடமோ போல்ட் துளையோ இருந்தால், உப்புநீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்துவதால் துரு வேகமாகப் பரவும்.

ரப்பர் தரை என்று சொல்வது பெரும்பாலும் வினைல் என்ற பிளாஸ்டிக்தான். அதில் நீர் இறங்க வழியில்லை. துணியால் துடைத்தால் போதும். அதனால்தான் வேலைக்கென்று வாங்கும் மலிவான ரகங்களில் அதைப் போடுகிறார்கள்.

இரைச்சல் விஷயத்தில் மட்டும் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. கம்பளம் ஒலியை உறிஞ்சும். ஆனால் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு உயர்ந்த சுருதி ஒலிகள்தாம் அடங்கும். ஒலியின் அலைநீளம் கூடக்கூட, அதை உறிஞ்சத் தடிமனும் கூட வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர். டயரின் 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கோ 3.4 மீட்டர். அந்த உறுமலை மறிக்க எடை வேண்டும். தடுப்பின் எடை இரட்டித்தால், ஏட்டுக் கணக்கில், ஊடுருவும் ஒலி 6 டெசிபல் குறையும். கனமான வினைல், அடியில் நல்ல மெத்தை என்றால் வண்டி அப்படியொன்றும் இரையாது. மெத்தையில்லாத மெல்லிய வினைலைப் பார்த்துவிட்டு ரப்பரையே குறை சொல்கிறவர்கள்தாம் அதிகம்.

என் ஓட்டு வினைலுக்கு. கால் குளிர்ந்தால் மேலே ஒரு கம்பள மிதியடி, ஈரமானால் எடுத்து உதறலாம். அரிசோனாவின் வறண்ட வெயிலில் இருப்பவர் கம்பளத்தையே வைத்துக்கொள்ளட்டும். அங்கே கறுப்பு வினைல் நன்றாகவே சுடும்.

ஒரு வில்லங்கம் உண்டு. கதவு ரப்பர் பட்டை கிழிந்தோ, வடிகுழாய் அடைத்தோ தண்ணீர் அடிவழியாக வந்தால், வினைல் அதை மூடிபோட்டு வைத்துவிடும். மேலே ஒன்றும் தெரியாது. பழைய வண்டி வாங்கும்போது வாசல்படிப் பட்டையைக் கழற்றி, தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, மெத்தைக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.