மெயில் பத்திரம், முகவரிகள் ஜாக்கிரதை

சித்தப்பா ஒரு நாள் காலையில் போன் செய்தார். புது லேப்டாப் வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. "மெயில் எல்லாம் போயிருச்சுப்பா. இருபது வருஷத்து மெயில். ரெண்டு வாரத்துக்கானது மட்டும்தான் காட்டுது. நான் அனுப்பினதுல ஒண்ணுகூட இல்ல" என்றார். குரலில் அவ்வளவு பதற்றம். நான் முதலில் கேட்டது இதுதான்: "பழைய கம்ப்யூட்டரை யாருக்கும் கொடுத்துடலையே, சித்தப்பா?" கொடுக்கவில்லை. மாடி அறையில் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். "அப்ப ஒண்ணும் போகல. ஞாயித்துக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் அதை யாரும் தொட வேண்டாம்" என்றேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனதால் பலரும் இப்போது புதுக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு வந்த சந்தேகம் அவர்களில் பலருக்கும் வரும். அதே மெயில் முகவரி, அதே கடவுச்சொல். பழைய பெட்டியில் இருந்த கடிதங்கள் ஏன் புதியதில் தெரியவில்லை?

கடிதம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நமக்கு வரும் மெயிலை முதலில் வாங்கி வைப்பது மெயில் நிறுவனத்தின் கணினி, அதாவது சர்வர். அந்தச் சர்வரிலிருந்து நம் கணினி மெயிலை எடுப்பதற்கு நெடுங்காலமாக இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பாப், அதாவது 'போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்'. 1984இல் அதன் முதல் வடிவம் வந்தது. இன்று பயன்படுத்தும் மூன்றாம் வடிவம் 1988இல் வந்தது. பெயரிலேயே தபால் நிலையம் இருக்கிறது, வேலையும் அப்படித்தான். தபால் நிலையத்துக்குப் போய் நமக்கு வந்த கடிதங்களை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அங்கே நம் கடிதம் எதுவும் மிச்சம் இருக்காது. இன்னொன்று ஐமேப். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986இல் வடிவமைத்தது. இதில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். நம் கணினி வைத்திருப்பது அவற்றின் நகல்.

இந்தியாவில் வீட்டு இணையம் பாப் முறையோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியபோது எல்லாமே டயல்-அப், அதாவது தொலைபேசி லைன் வழியாக எண் சுழற்றி இணைவது. நிமிடத்துக்கு நிமிடம் காசு. இணைத்ததும் மெயிலை இறக்கிக்கொண்டு லைனைத் துண்டித்துவிட்டு, அப்புறம் நிதானமாக உட்கார்ந்து படிப்பார்கள். சர்வரிலும் இடம் கிடையாது. ஹாட்மெயில் அந்தக் காலத்தில் கொடுத்தது 2 எம்பி. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருகிறோம் என்றபோது ஏப்ரல் ஃபூல் செய்கிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள். இடமில்லாத சர்வரில் கடிதத்தை விட்டுவைக்க முடியாது. இறக்கு, அழி, கிளம்பு.

அந்த 'அழி' நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாப் முறையில் நம் கணினி ஒவ்வொரு கடிதமாகக் கேட்டு வாங்கி, 'இதை நீக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே போகும். சர்வர் உடனே நீக்காது. குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். கடைசியில் நம் கணினி முறைப்படி விடைபெற்ற பிறகுதான் குறித்தவற்றை அழிக்கும். நடுவில் லைன் அறுந்தால் ஒன்றும் அழியாது. டயல்-அப் காலத்தில் ஒரே மெயில் இரண்டு தடவை, மூன்று தடவை வந்தது பலருக்கு நினைவிருக்கும். கடிதம் இரண்டாக வந்தாலும் பரவாயில்லை, ஒன்றுகூட இல்லாமல் போகக்கூடாது என்று யோசித்து வைத்த ஏற்பாட்டின் விளைவு அது.

சித்தப்பாவின் பழைய கணினியில் இருந்தது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். கணக்கு பாப் கணக்கு. இறக்கிய கடிதங்களை 14 நாள் மட்டும் சர்வரில் விட்டுவை என்று குறித்திருந்தது. புது லேப்டாப் சர்வரிடம் போய்க் கேட்டபோது அங்கே இருந்தது அந்த இரண்டு வாரம்தான். அனுப்பிய கடிதங்களுக்கு அதுவும் இல்லை. பாப் முறையில் 'அனுப்பியவை' என்ற ஃபோல்டர் சர்வரில் இருக்கவே இருக்காது, அவர் எழுதியதெல்லாம் மாடியில் போர்வைக்கு அடியில் இருந்தது. கணக்கு ஐமேப்பாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் எல்லாம் தானாக இறங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டியை இயக்கினோம். தண்டர்பேர்ட் எல்லாவற்றையும் புரொஃபைல் என்ற ஒரே ஃபோல்டருக்குள் வைக்கிறது. அதன் பெயரில் முதல் எட்டு எழுத்துகள் யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டியதுபோல இருக்கும். உள்ளே போனால் 'இன்பாக்ஸ்' என்று ஒரு கோப்பு, அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற வால் கொண்ட இன்னொரு சிறிய கோப்பு. சிறியது வெறும் அட்டவணை. தொலைந்தால் மென்பொருளே மறுபடி தயாரித்துக்கொள்ளும். வால் இல்லாத பெரியதில்தான் கடிதங்கள் இருக்கின்றன.

சித்தப்பாவுக்குக் காட்டுவதற்காக ஒரு சின்ன ஃபோல்டரின் கோப்பை நோட்பேடில் திறந்தேன். அவர் ஏதோ புரியாத குறிகளை எதிர்பார்த்திருப்பார். வந்ததோ படிக்கக்கூடிய எழுத்து: யாரிடமிருந்து, யாருக்கு, தேதி, பொருள், அப்புறம் கடிதம். அதன் கீழே அடுத்த கடிதம். எம்பாக்ஸ் என்ற இந்த வடிவம் 1970களின் யூனிக்ஸ் கணினிகளில் பிறந்தது. நீண்ட காகிதச் சுருளில் கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியது போன்றது. ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு ஒரே அடையாளம், 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதன்பின் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரி. யாராவது தன் கடிதத்தின் நடுவில் ஒரு வரியை அதே சொல்லால் தொடங்கினால்? சேமிக்கும் மென்பொருள் அதன் முன்னால் > என்ற குறியைப் போட்டுவிடும். பழைய ஆங்கில மெயில்களில் சம்பந்தமே இல்லாமல் அந்தக் குறி நிற்பதைப் பார்த்திருந்தால், அது இப்படி வந்ததுதான்.

இணைப்பில் வந்த படங்களும் இதே கோப்பில், எழுத்தாக மாறி உட்கார்ந்திருக்கின்றன. 1992இல் நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் முறையில், படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றப்படுகிறது. அதனால் 3 எம்பி படம் மெயிலில் 4 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். பேரப்பிள்ளைகளின் படங்கள் இருபது வருடமாகச் சேர்ந்ததில் சித்தப்பாவின் இன்பாக்ஸ் 4 ஜிபியைத் தாண்டியிருந்தது. பென் டிரைவில் நகலெடுக்கப் போனால் 'கோப்பு மிகப் பெரிது' என்று மறுத்தது, அதில் 32 ஜிபி காலியாக இருந்தும். பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு வருகின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியதும் ஏறிவிட்டது. மாற்றும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

சரி, மாற்றுவது எப்படி? இரண்டு கணினியிலும் மென்பொருளை மூடிவிட வேண்டும். திறந்திருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்பு வந்து சேரும். பழைய புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்து, புதுக் கணினியில் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். புதுப் பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும் என்பதால், பழைய கணினியில் இருக்கும் மூலத்தைத் தொடாமல் நகலை மட்டுமே புதியதில் திறக்க வேண்டும். திறந்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை கடிதம் என்று இரண்டு பக்கமும் எண்ணிப் பார்ப்பது நல்லது. சித்தப்பா ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். எல்லா எண்ணும் பொருந்தின. நாற்பது நிமிட வேலை.

முகவரிகள்தான் மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் இழுத்தன.

புரொஃபைலோடு முகவரிப் புத்தகமும் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நான் வருவதற்கு முந்திய நாட்களில் பக்கத்து வீட்டுப் பையன் நல்லெண்ணத்தோடு முகவரிகளை சிஎஸ்வி கோப்பாக எடுத்து, விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) திறந்து பார்த்து, சேமித்து, அதை சித்தப்பாவின் போனிலும் ஏற்றியிருந்தான். சிஎஸ்வி என்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் பட்டியல். எந்தக் கட்டத்தில் இருப்பது பெயர், எது போன் எண், எந்த எழுத்து முறையில் எழுதியது என்று அது எதையும் சொல்லாது. திறக்கும் மென்பொருள் ஊகிக்கிறது. நாட்டுக் குறியீடான 91ஐயும் சேர்த்து 12 இலக்கம் வந்ததும், அது போன் எண் என்று விரிதாளுக்குத் தெரியவில்லை. பெரிய எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த கூட்டல் குறியை எடுத்துவிட்டு, 9.1984ஈ+11 என்று அறிவியல் முறையில் காட்டியது. காட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது, காட்டியதைத்தான் எழுதும். எண்ணின் முதல் ஐந்தாறு இலக்கம் மிச்சம்; மீதி எல்லாம் பூஜ்ஜியம். 044 என்று தொடங்கிய சென்னைத் தரைவழி எண்கள் 44 ஆகிவிட்டன. தமிழில் எழுதிய பெயர்கள் ஐரோப்பிய எழுத்துக் குவியலாக மாறின, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருந்ததை வேறு முறை என்று ஊகித்ததால்.

நல்லவேளையாக மூலப் புத்தகம் புரொஃபைலில் அப்படியே இருந்தது. அதிலிருந்து விகார்டு என்ற, முகவரிகளுக்கென்றே உள்ள கோப்பு வடிவில் எடுத்தோம். முகவரிகளை இடம் மாற்ற நான் நம்புவது இதைத்தான். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அது என்ன என்று பெயர் எழுதியிருக்கும்: இது முழுப்பெயர், இது கைபேசி, இது மெயில். ஊகத்துக்கு இடமில்லை.

அதிலும் பதிப்பு பார்க்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் எடுத்துக் கொடுப்பது 2.1 பதிப்பு, 1996ஆம் வருடத்தது. தமிழ் எழுத்தை அது நேராக எழுதாது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு பைட்டும் சமக்குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணினால் 15. பைட்டில் 45. அந்தக் கோப்பில் 135 எழுத்துகள்! ஒரு வரிக்கு 76 எழுத்துதான் அனுமதி என்பதால் பெயர் இரண்டு வரியாக உடையும். வாங்கும் மென்பொருளுக்கு வரிகளை ஒட்டத் தெரியாவிட்டால் பாதிப் பெயர்தான் போய்ச் சேரும். 2011இல் வந்த 4.0 பதிப்பில் யூடிஎஃப்-8 மட்டுமே. தமிழ் தமிழாகவே இருக்கும். அதில் முழுப்பெயர் மட்டும்தான் கட்டாயம், குடும்பப் பெயர் என்று தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. இனிஷியலோடு பெயர் எழுதும் நமக்கு இது பெரிய நிம்மதி. அப்பா பெயரின் முதலெழுத்தைக் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுத் திண்டாடிய அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

இன்னொன்றும் மறந்துவிடக்கூடாது. இரண்டு எழுத்து தட்டியதும் முகவரி தானாக வந்து நிற்கிறதே, அதெல்லாம் முகவரிப் புத்தகத்தில் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. தண்டர்பேர்ட் அவற்றைச் 'சேகரித்த முகவரிகள்' என்று தனியாக வைக்கிறது. 2007 பதிப்பு வரையிலான அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் அது தனிக் கோப்பு. முகவரிப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் இவை பின்தங்கிவிடும்.

சாயங்காலம் சித்தப்பா 2001ஆம் வருடத்துக் கடிதம் ஒன்றைத் திறந்தார். கனடாவில் இருந்த நண்பர் எழுதியது. திரை முழுக்க கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள். இடம் மாற்றும்போது கெட்டுவிட்டது என்றே நினைத்தார். ஒரு பைட்கூடக் கெடவில்லை. அது யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுதப் பயன்பட்ட திஸ்கி என்ற முறையில் தட்டிய கடிதம். அந்த முறையில் எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் வடிவம் என்பதைக் காட்டுவது எழுத்துரு. கடிதம் புது வீட்டுக்கு வந்துவிட்டது, எழுத்துரு பழைய கணினியிலேயே தங்கிவிட்டது. யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் அந்த வரிகளை ஒட்டினோம். திஸ்கியில் 'கெ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் முதலில் ககரம், பிறகு கொம்பு. கருவி இதையும் வரிசை மாற்றித்தான் தர வேண்டும். தந்தது. சித்தப்பா முதல் பத்தியை இரண்டு தடவை படித்தார். அதே மாதிரி இன்னும் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. தினம் ஒன்றாக மாற்றிக்கொள்கிறேன் என்று கருவியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. அதில் அவர் நீக்கிய கடிதங்களில் பல, காகிதச் சுருளில் கோடு போட்டு அடித்ததுபோல, குறியோடு அந்தக் கோப்பிலேயே இருக்கின்றன. 'சுருக்கு' என்ற கட்டளை கொடுக்கும்வரை மென்பொருள் அவற்றை உண்மையில் எடுப்பதில்லை. எடுத்த பிறகும் டிஸ்கில் தடயம் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெட்டியைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். கொடுப்பதற்கு முன் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, விரைவு ஃபார்மேட் இல்லாமல் முழு ஃபார்மேட் செய்ய வேண்டும். இரண்டு மாதம் புது லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.