செராமிக் கிரில்லுக்கு மர மேசை: எங்கே இடைவெளி, எவ்வளவு, ஏன்

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ முட்டை வடிவத்தில் நிற்கும் அந்தக் கனத்த அடுப்பு, ஜப்பானின் காமடோ அடுப்பின் வழிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1974-இல் எட் ஃபிஷர் அட்லாண்டாவில் 'பிக் கிரீன் எக்' நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் மண் அடுப்பு. சூட்டில் விரிசல் விடாத செராமிக் பின்னால் வந்தது. மரக்கரியை மூட்டி, கீழே உள்ள காற்றுக் கதவையும் மேலே உள்ள மூடியையும் திருகித் திருகி, 110 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டு மணி நேரம் இறைச்சியை வேகவைக்கலாம். அதே அடுப்பை 350 டிகிரிக்கு ஏற்றிச் சில நிமிடங்களில் பீட்சாவும் சுடலாம்.

இதற்கு ஒரு மர மேசை செய்வதுதான் வார இறுதித் தச்சர்களுக்குப் பிடித்த வேலை. மேல்பலகையில் வட்ட ஓட்டை, அதற்குள் அடுப்பின் அடிப்பாதி, கீழே அதைத் தாங்கும் கீழ்த்தட்டு, பக்கத்தில் தட்டு வைக்க இடம். படத்தில் பார்த்தால் சுலபம்தான். ஆனால் ஒரே மேசையில் இரண்டு தொல்லைகள்: நெருப்பு மரத்தைக் கருக்கும், ஈரம் மரத்தை நீட்டிச் சுருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. சரியான இடத்தில் சரியான அளவு இடைவெளி.

மரம் எப்போது கெடுகிறது

மரம் தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல் வேண்டும், அடுப்பின் அடிப்பக்கம் அவ்வளவு சுடாதே என்று நினைப்பவர்கள் அதிகம். குறுகிய நேரத்துக்கு அது சரி. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சூடாகும் மரத்தின் கணக்கு வேறு. 65 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தாலே மரத்தின் வலு நிரந்தரமாகக் குறையத் தொடங்கும். தொடர்ந்து சூடேறும் மரத்துக்கு 77 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது தீப்பாதுகாப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. நீண்ட நாள் சூட்டில் மரம் மெல்லப் பழுத்து, பழுப்பேறி, கரியாக மாறும். அந்தக் கரி புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே கனியக் கூடியது.

சாதாரணச் சமையலில் அடுப்பின் அடிப்புறம் அதிகம் சுடாது. குளிர்ந்த காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது; சாம்பலும் சூட்டைத் தடுக்கிறது. ஆபத்து வருவது மூன்று சமயங்களில்: மணிக்கணக்கில் முழுச் சூட்டில் ஓட்டும்போது, சாம்பலைச் சுத்தமாக வழித்துவிட்டு உடனே பெருந்தீ மூட்டும்போது, உள்ளே கரி எரியும் தணல்கூடு விரிசல் விட்டுக் கங்குகள் அடியில் விழும்போது. மேசையை இந்த மூன்றுக்கும் ஏற்றபடி செய்ய வேண்டும்.

அதனால்தான் அடுப்பை நேராக மரத்தின்மேல் வைக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். மேசைக்கென்று விற்கும் உலோக வளையம் அல்லது கான்கிரீட் தளக்கல் நடுவே வர வேண்டும்.

தளக்கல் சூட்டைத் தடுப்பதில்லை

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு அங்குலக் கல்லைப் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்ற எண்ணம். கான்கிரீட் மரத்தைவிடப் பத்து மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். 5 செ.மீ. தடிமனுள்ள கல் தரும் தடுப்பு, ஏறத்தாழ 5 மி.மீ. மரப்பலகை தரும் தடுப்புதான். கல் செய்வது வேறு வேலை. தோசைக்கல் போலச் சூட்டை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. கனமாக இருப்பதால் சூடேறத் தாமதமாகிறது. பதினாறு அங்குலச் சதுரக் கல் ஒன்று சுமார் 19 கிலோ. ஒரு மணி நேரப் பீட்சா விருந்துக்கு அந்தத் தாமதம் போதும். ஐந்து மணி நேரம் முழுத்தீயில் ஓட்டினால் போதாது.

கல்லை மரத்தின்மேல் படியவைத்தால், அதன் அடிப்பக்கச் சூடு அப்படியே மரத்தின் மேற்பரப்புச் சூடாகும். மரம் சூட்டைக் கடத்தாத பொருள் என்பது இங்கே பாதகம்: வந்த சூட்டை அதனால் கீழே தள்ளிவிட முடியாது, தொடும் இடத்திலேயே தேங்கும். ஆகவே கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே 2 முதல் 2.5 செ.மீ. காற்று ஓடும் இடம் வேண்டும். அலுமினியச் சட்டத் துண்டுகள் நாலைக் கல்லின் அடியில் வைத்தால் முடிந்தது. மரக்கட்டைத் துண்டு வேண்டாம். இந்த இடைவெளிக்கு இன்னொரு பயனும் உண்டு. கல்லுக்கும் பலகைக்கும் இடையில் மழைநீர் தேங்காது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை பூஞ்சையால் அதை மக்கவைக்க முடியாது. கல் படிந்த இடத்தில் அது 30-ஐச் சுலபமாகத் தாண்டும்.

மேலே இருக்கும் வட்ட ஓட்டைக்கும் இதே நியாயம். அடுப்பின் பக்கச் சுவர் 150 டிகிரியில் இருந்தால், எதிரே உள்ள மரத்தின்மீது சதுர மீட்டருக்குச் சுமார் 1200 வாட் கதிர்வீச்சு விழும். உச்சி வெயில் சுமார் 1000 வாட். இடைவெளியை ஒரு செ.மீ. கூட்டிக் குறைப்பதால் இந்தக் கதிர்வீச்சு பெரிதாக மாறாது. இடைவெளி செய்யும் உதவி, கீழிருந்து குளிர்காற்று மேலேறி மரத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டு போக வழிவிடுவதுதான். சுற்றிலும் 2.5 செ.மீ. இருந்தால் நல்லது, அடுப்போடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே இறுதி. சாம்பல் விழுகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று அந்தச் சந்தில் கயிறோ சிலிக்கானோ அடைப்பவர்கள் மேசையின் புகைபோக்கியையே அடைக்கிறார்கள். அடைத்த சில மாதங்களில் விளிம்பு கருக்கும்.

உயரத்தைக் கீழிருந்து கணக்கிடக் கூடாது

முதலில் மேல்பலகையின் உயரத்தை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். அமெரிக்கச் சமையலறை மேடை 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. அதையே இங்கும் வைத்தால், கம்பித்தட்டு அதற்கும் மேலே போய்விடும். கனத்த வாணலியைத் தூக்கித் தோள்பட்டை வலிக்கும். 81 முதல் 86 செ.மீ. வரை வசதி.

ஒரு கணக்கு. பலகையின் மேல்முகம் 84 செ.மீ. அடுப்பின் இடுப்பில் இருக்கும் இரும்புப் பட்டை பலகைக்கு 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டையின் நட்டுகளைப் பிறகு முறுக்க ஸ்பேனர் நுழையாது, திறக்கும் கீலும் பலகையில் இடிக்கும். ஆகப் பட்டை 87-இல். அடுப்பின் அடியிலிருந்து பட்டைவரை 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அடுப்பின் அடி 47-இல் இருக்கும். அடுப்புக்கும் கல்லுக்கும் நடுவே செராமிக் பாதங்கள் 2.5, கல் 5, அதன் கீழ் இடைவெளி 2.5. கழித்தால் கீழ்த்தட்டின் மேல்முகம் 37 செ.மீ. உயரத்தில் வரும். அடுப்பை வாங்கி, அளந்து, மூடியைப் பின்னால் முழுக்கத் திறந்து பார்த்த பிறகே மரத்தில் ரம்பம் வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படத்தின் அளவை நம்பி வெட்டினால், ஒரு கம்பெனியின் ஓட்டையில் இன்னொரு கம்பெனியின் அடுப்பு இறங்காது.

பாரம்

பெரிய அளவு பிக் கிரீன் எக் 73 கிலோ. அதற்கு அடுத்த எக்ஸ்எல் 99 கிலோ. கல்லையும் சேர்த்தால் கீழ்த்தட்டின் நடுவில் குறைந்தது 92 கிலோ இரவுபகலாக உட்கார்ந்திருக்கும். கடையில் 'டூ பை ஃபோர்' என்று விற்கும் சட்டத்தின் உண்மை அளவு 38க்கு 89 மி.மீ. அதைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் குறுக்குச் சட்டமாக்கினால் வளைவை ஐந்து மடங்குக்கும் மேலாக எதிர்க்கும். அடுப்பின் கீழே நேராக இப்படி இரண்டு, முன்னும் பின்னும் ஒவ்வொன்று. கால்களுக்கு 89 மி.மீ. சதுரக் கட்டைகள். சட்டத்தைக் காலின்மேல் வெறும் ஸ்க்ரூவால் தொங்கவிடாமல், காலில் பள்ளம் வெட்டி அதற்குள் உட்காரவைத்து போல்ட்டு போட வேண்டும். எடையை மரம் மரத்தின்மேல் தாங்க வேண்டும். போல்ட்டு விலகாமல் பிடித்தால் போதும்.

சக்கரம் வாங்கும்போது மொத்த எடையை நாலால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். சமமில்லாத தரையில் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். மேசையோடு சேர்த்து 165 கிலோ என்றால் ஒவ்வொரு சக்கரமும் 55 கிலோ தாங்க வேண்டும். கல்லிடுக்கில் இடறும் அதிர்ச்சிக்கும் சேர்த்து 90 கிலோ தாங்குவதாக, குறைந்தது 100 மி.மீ. விட்டத்தில் வாங்குவது நல்லது. பூட்டு நாலிலும் இருக்கட்டும். எரியும் அடுப்போடு மேசையை நகர்த்தவே கூடாது.

எந்த மரம், எவ்வளவு நெகிழ்வு

மேற்கு அமெரிக்காவின் சிவப்பு சீடார் இந்த வேலைக்கு உகந்தது: எடை குறைவு, எளிதில் மக்காது, அதிகம் முறுக்காது. ஆனால் மென்மையானது, நகம் பட்டாலே தழும்பு. வெள்ளை ஓக் வலுவானது, கனம், ஈரத்துக்கு அதிகம் அசையும். தேக்கு எல்லாவற்றிலும் அசைவு குறைந்தது, விலைதான் தடை. மக்காமல் இருக்கச் செப்பு மருந்து ஏற்றிய பைன் மலிவு. சட்டத்துக்குப் பயன்படுத்தலாம், உணவு படும் மேல்பலகைக்கு வேண்டாம். அதன் துண்டுத் துணுக்குகளை அடுப்பில் போட்டு எரிப்பது விஷப்புகை.

மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம், அகலவாக்கில் அசையும். ஈரப்பதம் ஒரு விழுக்காடு மாறினால் சீடார் தன் அகலத்தில் சுமார் 0.23 விழுக்காடு மாறும், வெள்ளை ஓக் 0.37, தேக்கு 0.19. அட்லாண்டாவில் திறந்தவெளி மரத்தின் ஈரம் ஆண்டு முழுக்க 13 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஃபீனிக்ஸ் பாலைவனத்தில் ஜனவரியில் 9 அளவில் இருப்பது ஜூனில் 5-க்குள் இறங்கும். நாலு புள்ளி வித்தியாசத்தில் 76 செ.மீ. அகலப் பலகையாக ஒட்டிய சீடார் 7 மி.மீ. அசையும், ஓக் 11 மி.மீ. இந்தப் பலகையைச் சட்டத்தில் அசையாமல் முடுக்கினால் அது பிளந்துதான் தன் வழியைத் தேடும். நடுவில் மட்டும் இறுக்கி, ஓரங்களில் நீள்துளையில் வாஷரோடு ஸ்க்ரூ போட வேண்டும்.

மரம் உப்பினால் நடுவிலுள்ள ஓட்டை சுருங்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஒட்டிய பலகை விரியும்போது ஓட்டையும் சேர்ந்து விரியும். காயும்போது நாருக்குக் குறுக்காக ஓட்டை ஒடுங்கி முட்டை வடிவாகும். 56 செ.மீ. ஓட்டை சீடாரில் 5 மி.மீ. வரை ஒடுங்கலாம். செராமிக்கோ சூட்டில் அரை மி.மீ. கூட விரியாது. ஆகவே மழைக்காலத்தில் வெட்டிய நெருக்கமான ஓட்டை கோடையில் அடுப்பைக் கவ்விப் பிடிக்கும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஒட்டாமல் தனித்தனிப் பலகைகளாகப் பதிப்பதே மேல். ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே அசைந்துகொள்ளும். காய்ந்த சீடார் என்றால் பலகைகளுக்கு நடுவே 4 மி.மீ. விடவும். கடையிலிருந்து ஈரம் சொட்ட வரும் மருந்தேற்றிய பைன் என்றால் இடமே விடாமல் ஒட்டிப் பதிக்கவும்: 140 மி.மீ. அகலப் பலகை காய்ந்து முடிக்கையில் தானே 5 மி.மீ. சந்து கொடுத்துவிடும். அப்போதும் சந்து விட்டால் ஆறு மாதத்தில் முட்கரண்டி கீழே விழும்.

ஓட்டை போடுவது

பலகைகளைப் பதித்து முடித்த பிறகே வட்டம் வெட்ட வேண்டும். அதற்கு முன், ஓட்டையின் விளிம்பில் எந்தப் பலகையும் இரண்டு விரல் அகலச் சிம்பாக மிஞ்சாதபடி பலகை வரிசையைத் தள்ளி அமைக்கவும். ஓட்டையில் முடியும் ஒவ்வொரு பலகை நுனியின் கீழும் தாங்குகட்டை வேண்டும். அதுவும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்வாங்கி இருக்கட்டும், காற்றின் வழியை மறிக்கக் கூடாது.

பிளைவுட் பட்டையில் ரவுட்டரைப் (சுழலும் முனையால் மரத்தைக் குடையும் கருவி) பொருத்தி, நடுவில் ஆணி அடித்து, கவராயம் சுழற்றுவதுபோல் சுழற்றலாம். ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. ஆழம் போதும். ஒரே மூச்சில் இறக்கினால் நாருக்கு எதிராகப் போகும் கால்வட்டங்களில் மரம் பெயரும். கடைசிச் சுற்றுக்கு முன் நடுவட்டத்தைக் கீழிருந்து முட்டுக் கொடுக்கவும். அது சரிந்தால் ரவுட்டர் எகிறும்.

எல்லா ஆணியும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகில். சீடாரிலும் ஓக்கிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாதா இரும்போடு சேர்ந்து மைபோன்ற கறுப்புக் கறையாகும். மருந்தேற்றிய பைனின் செம்பு, மெல்லிய துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். கடற்கரை ஊர்களில் 316 தரம், மற்ற இடங்களில் 304.

காற்றுக் கதவின் முன்னால் கீழ்த்தட்டில் ஓர் அடி அகல எஃகுத் தகடு பதிக்கவும். சாம்பலை வழிக்கும்போது கங்கு விழும் இடம் அதுதான். பூச்சுக்கு உள்ளே ஊறும் எண்ணெய் போதும். பாலியூரித்தேன் போன்ற ஏடு படியும் பூச்சு வெயிலில் உரியும், பிறகு மொத்தத்தையும் தேய்த்தெடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காற்றோடு வினைபுரிந்து அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடவும், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடவும்.

அடுப்பை ஏற்றும்போது மூடியையும் உள்ளே உள்ள செராமிக் பாகங்களையும் கழற்றிவிட்டு, அடிப்பாதியை மட்டும் இருவர் பிடித்து இறக்க வேண்டும். கீலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முதல் நீண்ட சமையலில் மூன்றாவது மணி நேரம் ஓட்டையின் விளிம்பு, கல்லின் கீழுள்ள பலகை, கீலுக்குப் பின்னால் உள்ள பலகை மூன்றையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கவும். எங்காவது 65 டிகிரியைத் தாண்டினால் அந்த இடத்தில் மரத்தை இன்னும் ஒரு செ.மீ. பின்வாங்கவும், அல்லது கல்லை உயர்த்தவும்.