"சாரி" சொன்னால் "பரவால்ல" என்றுதான் பதில் வரும்

அப்பா இறந்து ஒரு வாரம் கழித்து அந்த ஒன்பது வயதுப் பையன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினான். வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து "சாரிடா" என்றார்கள். ஆசிரியை தோளைத் தொட்டு "சாரிப்பா" என்றார். கேன்டீன் அக்காவும் அதையே சொன்னார். அவன் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னான்: "பரவால்ல."

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான் என்றுதான் அம்மா அவனை என்னிடம் அழைத்து வந்தார். படம் வரைந்துகொண்டே பேசும்போது இது வெளியே வந்தது. "சாரி சொன்னா பரவால்லன்னு சொல்லணும்ல ஆண்ட்டி? ஆனா பரவால்ல இல்லையே."

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கடைவரிசை மாடி ஒன்றில் உளநல ஆலோசகராக இருக்கிறேன். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எல்பில், டோவன்பி, கமுனிங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். இப்போது டவுனைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இருக்கிறார்கள். இங்கே எழுதும் சம்பவங்களில் ஆட்களின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்ன சொற்களை மட்டும் மாற்றவில்லை.

அந்தப் பையனின் கேள்வியை நான் பல நாள் யோசித்தேன். சாரி என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகமாகிறது? தம்பியை அடித்துவிட்டால் "சாரி சொல்லு" என்கிறோம். அவன் முணுமுணுப்பாகச் சொன்னதும், அடி வாங்கியவனிடம் "பரவால்லன்னு சொல்லு" என்கிறோம். காலை மிதித்தால் சாரி, வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் சாரி. தமிழ்க் காதில் அது தப்பு செய்தவன் சொல்லும் சொல்லாகவே பதிந்துவிட்டது. அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போகிறோம். அப்பாவை இழந்த பிள்ளை, பழகிய பழக்கத்தில், நம்மை மன்னித்து அனுப்புகிறது. நாம் ஆறுதல் சொல்லப் போய், அந்தப் பிள்ளையிடமிருந்து ஆறுதலை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டு வேலை செய்கிறது. மன்னிப்பும் கேட்கும், துக்கத்திலும் பங்கு கொள்ளும். அதன் பழைய வடிவம், உடம்பில் ரணம் என்பதைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. 'உன் வலி எனக்கும் வலிக்கிறது' என்பதற்குப் பக்கத்தில் நிற்கிற சொல். அதனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் துக்கத்துக்குச் சொல்லப்படும் சாரிக்குப் பதில் "நன்றி" என்று வரும். அங்கேயே இரண்டும் குழம்பித்தான் போயிருக்கின்றன. விபத்துக்குப் பிறகு இரக்கத்தோடு பேசிய வார்த்தையை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் காட்டக் கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-இல் தனியாகச் சட்டமே போட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006-இல் அதைவிட விரிவான சட்டம் வந்தது. சொந்த மொழிக்காரர்களுக்கே பிரித்துச் சொல்லச் சட்டம் தேவைப்பட்ட சொல்லை, நாம் ஒரு விளக்கமும் இல்லாமல் தோட்டத்துப் பாட்டியிடம் சொல்லிவிட்டு வருகிறோம்.

மலாய் மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. தப்புக்கு "மாஃப்", சாவு வீட்டில் "தக்ஸியா". அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குத் தேற்றுதல் என்றுதான் பொருள்.

இப்போது நான் மறக்க முடியாத ஓர் அம்மாவைப் பற்றி. அறுபதைத் தாண்டியவர், முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மோட்டார்சைக்கிள் விபத்தில் மகன் போய்விட்டான். மருத்துவமனையில் விடியற்காலை ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, "சாரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். தமிழ்ப் பையன்தான். ஒரு வருடமாக அந்த அம்மா அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தார். "தப்பு செஞ்சவன்தானே சாரி சொல்லுவான்? என்னா தப்பு செஞ்சாங்க, அதச் சொல்லுங்க." திரும்பத் திரும்பக் கவுன்டருக்குப் போனார், அறிக்கையின் நகல் வாங்கினார், படிக்கத் தெரிந்தவர்களிடமெல்லாம் நீட்டினார். அழவே இல்லை. குற்றவாளியைத் தேடுகிறவருக்கு அழ நேரம் ஏது?

முதல் நாள் அவர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நானும் அவர் கையைப் பிடித்து, "சாரிம்மா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டார். "நீ என்னாடி பண்ண?" என்று கேட்டார். கோபத்தில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடப் படிப்பும் அனுபவமும் இருந்தும், என் தாயின் வயதுள்ள ஒருவரிடம் அவருக்குப் புரியும் ஒரு வார்த்தை என்னிடம் இல்லாமல் போனது இன்னமும் வலிக்கிறது.

ஏமாற்றத்திலும் இதே கதைதான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்காத ஒரு பெண்ணிடம் ஆசிரியர் "சாரிமா" என்றாராம். 'உன்னால் முடியும்' என்று தன்னிடம் முன்பு சொன்னதற்காக அவர் மன்னிப்பு கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். "அவருக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு" என்று என்னிடம் அழுதாள்.

இங்கிலீஷ் கூடாது என்று சொல்ல வரவில்லை. தமிழிலும் வாயை அடைக்கும் ஆறுதல்கள் நிறைய உண்டு. "அழாதே", "எல்லாம் விதி", "கொடுத்து வச்சது அவ்வளவுதான்". கருக்கலைந்த பெண்ணிடம் "இன்னொண்ணு பொறக்கும்" என்பது இவற்றில் ஆகக் கொடுமையானது. வருந்துகிறேன் என்ற எழுத்துத் தமிழுக்கும் இரண்டு முகம் உண்டு. தவறுக்கும் வருந்தலாம், மறைவுக்கும் வருந்தலாம். ஆனால் அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

நம்மிடம் இருந்தது வேறொன்று. சாவு வீட்டுக்குப் போவதை நாம் துக்கம் கேட்கப் போவது, துக்கம் விசாரிப்பது என்கிறோம். கவனித்துப் பாருங்கள்: சொல்லப் போவது அல்ல, கேட்கப் போவது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு சாவு விழுந்தால் வரிசை வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து, "எப்படிம்மா ஆச்சு?" என்பார்கள். அந்த வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்வார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. இருபது முறை, முப்பது முறை. என் அறையில் நான் செய்ய முயல்வதும் பெரும்பாலும் அதுதான். நடந்ததைச் சொல்லச் சொல்லத்தான் அது நடந்துவிட்டது என்று மனம் ஏற்கத் தொடங்குகிறது. போகும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் எழுந்து போவார்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நல்ல வாக்கியம் தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தற்கொலை நடந்த வீட்டில் மட்டும் "எப்படி ஆச்சு" என்று கேட்காதீர்கள். அங்கே அந்தக் கேள்வி விசாரணையாகிவிடும். போனவரைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருங்கள். அவர்களில் யாராவது தாங்க முடியாமல் தவித்தால், மனம்விட்டுப் பேசக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். ஆறு மாதத்துக்கு மேலாகியும் துக்கம் குறையாமல், அன்றாட வாழ்க்கையே நின்றுபோயிருந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் தனியாகவே குறிக்கிறது. அப்போது கிளினிக்குக்கு அழைத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, மற்ற நேரங்களில் என்ன சொல்வது? 2001-இல் அமெரிக்க மருத்துவர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். "ஐ ஆம் சாரி" என்பதைக் குடும்பத்தார் பரிதாபமாகவோ, பொறுப்பை ஒப்புக்கொண்டதாகவோ எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, அதற்குப் பதில் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தைச் சொல்லுங்கள் என்பது அவர்கள் யோசனை. படித்ததும் எனக்கு என் பாட்டியின் குரல்தான் கேட்டது. "இப்படி ஆயிருக்கக் கூடாதும்மா." நம் வீடுகளில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம். இப்போது நான் அதைத்தான் சொல்கிறேன். "கேட்டதுலேருந்து மனசே சரியில்ல" என்பதும் உண்டு. தாதியருக்கும் இளம் டாக்டர்களுக்கும் என் வேண்டுகோள், இந்த இரண்டில் ஒன்றைப் பழக்கிக்கொள்ளுங்கள், சொன்ன பிறகு ஒரு நிமிடம் அங்கேயே நில்லுங்கள். உண்மையிலேயே உங்கள் பக்கம் தவறு நடந்திருந்தால், அது வேறு பேச்சு. அப்போது தவறு என்ன என்பதைத் தமிழில், விளங்கும்படி சொல்ல வேண்டும்.

ஒன்பது வயதுப் பையனிடம் "நீ பரவால்ல சொல்ல வேண்டியதில்ல, சும்மா தலையாட்டினா போதும்" என்றேன். நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டான்.

அந்த அம்மாவுக்காக எனக்குத் தெரிந்த ஒரு மூத்த டாக்டரை வரவழைத்தேன். அறிக்கையை அவர் வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னார். தலையில் பட்ட அடி, கொண்டு வந்த நேரம், செய்த சிகிச்சை. பிறகு, "அந்தத் தம்பி சாரின்னது மன்னிப்பு இல்லம்மா. காப்பாத்த முடியலையேன்னு அவருக்கும் மனசு ஒடஞ்சிருக்கும்" என்றார்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. "அவனுக்கும் எம்மவன் வயசுதான் இருக்கும்" என்றார் கடைசியில். அப்புறம், ஒரு வருடத்தில் முதல் முறையாக, விபத்தைப் பற்றி இல்லாமல் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பள்ளி விடுமுறையில் அவன் கூடவே வந்து மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கியது, வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரங்களின் நிரையில் ஓடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.