140 கிராம் மட்டை ஏன் 150 கிராம் மட்டையைவிடக் கனக்கிறது?

ஸ்குவாஷ் மட்டை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது எடையைத்தான். டெக்னிஃபைபர் கார்போஃப்ளெக்ஸ் 125, 135 போன்ற மாடல்களில் பெயரிலேயே எண் இருக்கிறது. அது கிராம் கணக்கில் சட்டகத்தின் எடை. ஸ்டிரிங் கட்டி, கிரிப் சுற்றி, ஆடத் தயாரான மட்டை பெரும்பாலும் அதைவிட எடை கூடியிருக்கும். குன்னூரிலும் உதகையிலும் ஆடப் பழகும் பிள்ளைகள் அந்த எண்ணை மட்டும் நம்பி "லேசான மட்டை" வாங்கிவிட்டு, இரண்டாவது கேமிலேயே முன்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. எண் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது.

மீதியை வீட்டிலேயே அளக்கலாம். மட்டையை ஒரு ஸ்கேலின் விளிம்பில் குறுக்காக வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் வரை நகர்த்துங்கள். அந்தப் புள்ளிக்கும் கைப்பிடியின் அடிக்கும் உள்ள தூரம்தான் சமநிலைப் புள்ளி. விதிப்படி மட்டையின் நீளம் 686 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவை அதை ஒட்டியே இருக்கும். ஆகவே நடுப்புள்ளி ஏறத்தாழ 34 செ.மீ. புள்ளி அதற்கு மேலே போகப் போக, தலைப்பக்கம் கனம் கூடும்.

இரண்டு மட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 150 கிராம், புள்ளி 34 செ.மீ.; மற்றொன்று 140 கிராம், புள்ளி 37 செ.மீ. கை பிடிப்பது அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் என்றால், முதல் மட்டை மணிக்கட்டைக் கீழே இழுக்கும் அளவு 150 × (34 − 8) = 3,900. இரண்டாவது 140 × (37 − 8) = 4,060. பத்து கிராம் குறைந்த மட்டைதான் கைக்குக் கனமாகத் தெரிகிறது. கேரட் தோட்டத்தில் மண்வெட்டியைக் காம்பின் நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

வீசும்போது வித்தியாசம் இன்னும் பெரிதாகும். சுழலும் பொருளில் தூரத்தின் வர்க்கம் கணக்கில் வருகிறது. கையிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் 5 கிராமைவிட, 60 செ.மீ. தள்ளி மட்டையின் உச்சியில் இருக்கும் 5 கிராம் சுழற்சியை 36 மடங்கு எதிர்க்கும். வலைக்குப் பதில் சுவர் இருக்கும் இந்த ஆட்டத்தில் வாலிக்கு, அதாவது பந்து தரையைத் தொடும் முன்பே அடிப்பதற்கு, மட்டையைச் சட்டென்று தூக்க வேண்டும். அங்கே இந்தச் சுமை உடனே தெரிந்துவிடும்.

அப்படியானால் தலைக்கனம் எதற்கு? பந்தும் ஸ்டிரிங்கும் தொட்டிருப்பது சில மில்லிநொடிகள்தான். அதற்குள் கையின் பலம் போய்ச் சேராது. சுமார் 24 கிராம் பந்தை எதிர்கொள்வது அடிபடும் இடத்தில் உள்ள நிறை. மிக லேசான சட்டகத்தில் தலையும் லேசாகிவிட்டால் பந்து மட்டையைத் தள்ளிவிடும். அதனால்தான் பல லேசான மாடல்கள் எடையைத் தலைப்பக்கம் ஒதுக்குகின்றன.

மலையில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உதகையின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். வெளி அழுத்தம் குறைவதால் பந்து சற்று அதிகம் எழும்பப் பார்க்கும். குளிரில் இறுகிய ரப்பரோ அதை எழும்ப விடாது. ஜனவரி காலையில் குளிர்தான் ஜெயிக்கும். பந்து பின்சுவர் வரை போகாதபோது மட்டையைக் குறை சொல்லி, இன்னும் தலைக்கனமான மாடலைத் தேடுகிறார்கள். முதலில் பந்தை நன்றாக அடித்துச் சூடேற்றுங்கள். அப்போதும் போதவில்லை என்றால், இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்துக்குப் பதில், அதைவிடச் சற்று அதிகம் எழும்பும் ஒற்றை மஞ்சள் புள்ளிப் பந்து எடுங்கள். செலவும் குறைவு, தோளுக்கும் நல்லது.

சமநிலைப் புள்ளியையும் கண்மூடி நம்பிவிடக் கூடாது. அந்த 140 கிராம் மட்டையின் பிடியில் 5 கிராம் மேல்கிரிப் (கிரிப்பின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றினால் புள்ளி 37-லிருந்து 36 செ.மீ. அளவுக்கு இறங்கும். அளந்து பார்த்தால் தலைக்கனம் குறைந்ததுபோல் இருக்கும். மணிக்கட்டின் மீதான இழுப்போ 4,060-லிருந்து ஏறத்தாழ 4,070 ஆகிறது, அவ்வளவுதான். தலையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆகவே கடையில் இரண்டு மட்டைகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே அளவு கிரிப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாலி ஆடுவதுபோல் பத்து முறை வேகமாக வீசிப் பாருங்கள்.