கிணறா, ஆட்டுக்கல்லா? விண்டோஸ் உரிமத்தைப் புதுக் கணினிக்கு மாற்றும் முன்

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், சிம்மக்கல்லில் இருக்கும் என் சர்வீஸ் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினார். மடியில் ஒரு சிபியு, காலடியில் இன்னொன்று. மடியில் இருந்தது புதிதாக அசெம்பிள் செய்தது. காலடியில் கிடந்தது எட்டு ஆண்டுகள் பில் போட்டுக் களைத்த பிராண்டட் பெட்டி.

"பழசில் இருக்கிற விண்டோஸை இதற்கு மாற்றிக் கொடுங்கள் தம்பி. அன்றைக்கே அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தேன்?" என்றார். பாதி வேலையை அவரே முடித்தும் இருந்தார். பழைய பெட்டியின் விண்டோஸ் ஸ்டிக்கரை உரித்துப் புதுப் பெட்டியில் ஒட்டியிருந்தார். துளிகூடக் கோணவில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது; பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியையே ஓரம் கட்டிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். கடைக்கு வருகிற எல்லோரிடமும் பெரியவரின் கேள்விதான்.

அவரிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "விண்டோஸ் உரிமத்தில் கிணறும் உண்டு, ஆட்டுக்கல்லும் உண்டு அண்ணே. வீடு மாறும்போது கிணற்றைத் தூக்கிப் போக முடியாது. ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போகலாம். ஆனால் ஒரே கல்லை வைத்து இரண்டு வீட்டில் மாவாட்ட முடியாது."

பிராண்டட் கணினியோடு வருவது ஓஇஎம் உரிமம். அதுதான் கிணறு. அந்த உரிமம் முதலில் ஏறிய கணினியோடு பிறந்து அதோடு முடியும். விண்டோஸ் 7 காலத்தில் உரிமத்துக்கான 25 எழுத்துக் கீ, அதாவது சாவி எண், பெட்டியின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய நிறுவனங்கள் அந்தக் கீயை மதர்போர்டின் பயாஸ் சில்லுக்குள் எழுதிவிடுகின்றன. அதே கணினியில் மறுபடி விண்டோஸ் போட்டால் கீ கேட்காமலே உரிமம் உறுதியாகி ஆக்டிவேட் ஆவது இதனால்தான். பெரியவர் ஒட்டிய ஸ்டிக்கரில் கீயே கிடையாது; வெறும் அடையாளச் சீட்டு.

தனியாகக் காசு கொடுத்து வாங்குவது ரீடெயில் உரிமம், ஆட்டுக்கல். பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு: நிறுவனங்களும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்கும் வால்யூம் உரிமம். அது அந்த நிறுவனத்தின் சொத்து. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் கீகளில் பல இப்படிக் கசிந்தவை. வேறு சிலர், நிறுவனங்கள் தங்கள் சர்வர் வழியே பயன்படுத்தும் கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேட் செய்து தருகிறார்கள். அதன் ஆயுள் 180 நாள். நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வந்து உட்காரும். விற்றவரின் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

உங்களிடம் இருப்பது எது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி டி, எல், ஐ. என்டர் தட்டினால் சிறு பெட்டி ஒன்றில் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் என்று வகை தெரியும்.

ரீடெயில் என்று வந்துவிட்டதாலேயே மகிழ்ந்துவிடாதீர்கள். அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் இருக்கும். அவை 3வி66டி அல்லது 8எச்விஎக்ஸ்7 என்றிருந்தால், அது மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் வைத்திருக்கும் பொதுக் கீ. விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக 10-க்கு மாறியவர்களின் கணினிகளில் அடிக்கடி பார்க்கலாம். அந்தக் கீயை எழுதிக்கொண்டு போய்ப் புதுக் கணினியில் தட்டினால் ஒன்றும் நடக்காது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த பிறகு, பழைய விண்டோஸ் 7, 8 கீகளைக் கொண்டு 10-ஐயோ 11-ஐயோ புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியும் அடைபட்டுவிட்டது.

உண்மையான ரீடெயில் கீ என்றால் வேலை எளிது. பழைய கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, அதே ஐந்து எழுத்துகளுக்குப் பின் இடைவெளி, சாய்கோடு, யு, பி, கே என்று கொடுத்தால் கீ கழன்றுவிடும். பிறகு புதியதில் செட்டிங்ஸ் வழியாகக் கீயைப் போட வேண்டும். ஹோம் பதிப்பின் கீ ஹோமுக்கு, புரோ பதிப்பின் கீ புரோவுக்கு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமம் இணைந்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் இருக்கும் டிரபிள்ஷூட்டரில் 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றலாம்.

என் மேசைக்கு வரும் தலைவலிகளில் பாதி அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கணக்கர் அலுவலகத்துக்குப் போனேன். முறையாக வாங்கிய ரீடெயில் உரிமம், பில்லும் பத்திரமாக இருந்தது. ஆனால் உரிமம் இணைந்திருந்த மின்னஞ்சல் முகவரி யாருடையது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கணினி கொடுத்த கடைப்பையன், அவசரத்துக்குத் தன் மெயிலையே போட்டிருக்கிறான். பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இரண்டு நாள் தேடிப் பிடித்தோம். நல்ல வேளையாகப் பாஸ்வேர்டு அவனுக்கு நினைவிருந்தது.

அந்தக் கணக்கில் உரிமம் மட்டும் இருப்பதில்லை. புதிய கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணும் அதே கணக்கில்தான் கிடக்கும். உரிமம் போனால் மறுபடி வாங்கலாம், மூன்று வருட ஜிஎஸ்டி கணக்கை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே கணக்கை உங்கள் மெயிலில், உங்கள் கையாலேயே தொடங்குங்கள். கடைக்காரர் அருகில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும். நான் உட்பட.

உசிலம்பட்டிப் பக்கம் இடி இறங்கி மதர்போர்டு போய்விட்டது என்று மழைக்காலத்தில் வருவார்கள். பிராண்டட் கணினி என்றால் உள்ளூரில் கிடைக்கும் போர்டை மாட்டும் முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தைக் கேட்டுவிடுங்கள். பழுதுக்காக நிறுவனமே மாற்றித் தரும் போர்டில் ஓஇஎம் உரிமம் தொடரும். வேறு போர்டு போட்டால் அது மைக்ரோசாஃப்ட் கண்ணுக்கு வேறு கணினி.

உரிமமே இல்லாமல் விண்டோஸை ஏமாற்றி ஓட்டும் கிராக் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் அதை உள்ளே விட முடியும். பிறகு அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள்.

பெரியவர் முகம் வாடித்தான் போனது. பில் போடும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பேச்சை எடுக்கவில்லை. "மறுபடி காசு கொடுத்தால் அதுவும் கிணறா?" என்று கேட்டார். ரீடெயிலாக வாங்கினால் அடுத்த கணினிக்கும் வரும் என்றேன். வாங்கினார். கீயை மல்லிகை விலை எழுதும் பேரேட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

"எந்த மெயிலில் கணக்குத் தொடங்கலாம்?"

"மகள் மெயில் இருக்கிறது. ஆனால் தை மாதம் அவளுக்குக் கல்யாணம்."

அவர் பெயரிலேயே புது மெயில் ஒன்று தொடங்கினோம்.