"வயசாயிட்டுல்லா சார்!"

எங்கள் பக்கத்தில் நாயோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் என்றால் முதலில் கிடைக்காரர்கள்தான். சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் மேய்ச்சல் வற்றியதும் ஆட்டை ஓட்டிக்கொண்டு தாமிரபரணிப் பாசன வயல்களுக்கு இறங்கி, அறுத்த வயலில் உரத்துக்காக ஆட்டை அடைத்துக் கிடை போடுவார்கள், கூடவே நாயும் வரும். அப்புறம் கேபினில் நாய் வளர்க்கும் லாரி டிரைவர்கள், லீவுக்குச் சென்னையிலிருந்து லாப்ரடாரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் வருகிறவர்கள். கால்நடை மருத்துவராக, வயதான நாயைப் பற்றி இவர்கள் எல்லோரிடமிருந்தும் நான் கேட்கிற வார்த்தை ஒன்றுதான்: "வயசாயிட்டுல்லா சார், அப்படித்தான் கெடக்கும்."

வயது நோய் இல்லை. பெரிய ஜாதி நாய்க்கு 7 வயதிலேயே முதுமை தொடங்கிவிடும், சரி. ஆனால் அந்த வயதில் வருகிற பாதிச் சங்கடங்களுக்கு மருந்து இருக்கிறது.

மூட்டுவலியை எடுத்துக்கொள்ளுங்கள். மந்தைக்கு முன்னால் ஓடிய சிப்பிப்பாறை வேட்டை நாய் இப்போது பின்னால் வருகிறது, காலையில் எழும்போது பின்னங்கால் விறைத்துக்கொள்கிறது, கொஞ்ச தூரம் நடந்ததும் சரியாகிவிடுகிறது. சரியாகிவிட்டதே என்று அன்றைக்கும் முழுத் தூரமும் நடத்துவார்கள், ராத்திரி படுத்தால் மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. நீங்கள் நடந்தால் அதுவும் நடக்கும், வலிக்கிறது என்று நின்றுகொள்ளாது. அதனால் நிறுத்துவது உங்கள் வேலை. எனக்குத் தெரிந்த கிடைக்கார அண்ணாச்சி ஒருவர், இடம் மாறும்போது ஆட்டுக்குட்டிகளை ஏற்றுகிற வண்டியிலேயே கிழட்டு நாயையும் ஏற்றிவிடுவார். மற்றவர்கள் கேலி செய்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ரோட்டிலேயே வளர்ந்த நாயைக் கடைசிக் காலத்தில் ஒரு தொழுவத்தில் கட்டிப்போட்டால் சாப்பாட்டையே விட்டுவிடும்.

லாரியிலிருந்து குதித்து இறங்கவிடாதீர்கள், அத்தனை பாரமும் முன்னங்கால் மூட்டில் விழும். தூக்கி இறக்குங்கள். சதைப்பிடிப்பு இல்லாத நம்ம ஊர் வேட்டை நாய்களுக்கு வெறும் தகரத்தில் படுத்தால் முழங்கை புண்ணாகும், சாக்கை நாலாக மடித்துப் போட்டாலே போதும்.

வலிக்கிறது என்று தெரிந்ததும் டேஷ்போர்டில் கிடக்கும் மாத்திரையைக் கொடுப்பவர்கள்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறவர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டுமே நாயின் குடலில் ரத்தக்கசிவை உண்டாக்கும், வயதான சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் வேண்டாம், அது ஈரலைப் பாதிக்கும். நாய்க்கென்று தனி வலி மாத்திரைகள் இருக்கின்றன, ரத்தப் பரிசோதனை பார்த்து எழுதித் தருவோம்.

அடுத்தது வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வயதான லாப்ரடார்களில் சிலவற்றுக்குக் குரல்வளை சரியாகத் திறக்காது, குரைப்பு கரகரப்பாகும், மூச்சு இழுப்பில் சத்தம் வரும். இதையும் வயசு என்றே நினைப்பார்கள். அப்படிப்பட்ட நாயோடு சித்திரை வெயிலில் மதுரை தாண்டி நாற்கர சாலையில் நண்பகலில் வருவது ஆபத்து, விடியலுக்கு முன்பே அந்தத் தூரத்தைக் கடந்துவிடுங்கள். புரோட்டா சாப்பிடக் காரைப் பூட்டிவிட்டுப் போனால் பத்து நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், ஜன்னலை நாலு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் குறையாது. நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104ஐத் தாண்டினால் அவசரம். நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் வெயில் என்று விடாதீர்கள். சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், இணை சேரும் சீசன் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீராகக் குடித்துச் சாப்பாட்டை ஒதுக்கினால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை இது.

ரயிலில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே என்கிற தனி அறை முழுவதையும் பதிவு செய்யவேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியோடு இருக்கும் கூண்டு. வயதான நாய்க்கு அந்தக் கூண்டு வேண்டவே வேண்டாம்.

நெல்லையில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். வரும்போது தடுப்பூசி அட்டையோடு, நாய் நடக்கிறதை, படுத்து எழுகிறதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். வழியெல்லாம் நொண்டிய நாய் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் பயத்தில் நேராக நடந்துவிடும், நாங்கள் எந்தக் கால் என்று தேடிக்கொண்டிருப்போம்.